கடல் நாடுகளில் மங்கல வழக்கு

பிறந்தவர் யாவரும் ஒரு நாள் இறப்பது உறுதி. இதனை அறியாத நாடும் இல்லை, இனமும் இல்லை. ஆயினும், ஒருவர் இறந்துபட்ட செய்தியை மற்றொருவருக்கு உரைக்க நேருங்கால் நா தயங்குகின்றது. உள்ளதை உள்ளவாறே சொல்லுதல் கேட்போர் நெஞ்சைப் புண்படுத்தும். சொல்லாமல் விடுதலோ இயலாது. இவ்விரண்டிற்கும் இடையே மக்கள் கண்ட வழியே மங்கல வழக்கு என்பது.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்தினார். செத்தாரைத் துஞ்சினார் என்றலும், இடுகாட்டை நன்காடு என்றலும் மங்கலத்துக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். துஞ்சுதல் என்பது உறங்குதல். இறத்தல் என்னும் சொல்லும் முதற்கண் கடத்தல் என்னும் பொருளதே. எல்லையைக் கடந்து சென்றார் என்பதே அதன் கருத்து. இன்று நாம் அதனை நேர்ச்சொல்லாகவே வழங்குகின்றோம். ஒரு காலத்து மங்கலமாய் நின்ற சொல், வழங்கி வழங்கித் தேய்ந்து, பிறிதொரு மங்கலத்தை வேண்டி நிற்கும் இயல்பினை இதனால் அறியலாம்.

இவ்வழக்குத் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கடலே வேலியாகவும் கடலே வழியாகவும் வாழும் பசிபிக் தீவு மக்களிடத்தும் இது செழித்து விளங்குகின்றது. அம்மக்கள் இறப்பை எங்ஙனம் குறித்தனர், இறந்தாரை எங்ஙனம் வழியனுப்பினர், அச்சொற்களைக் காக்க எவ்வாறு பாடுபட்டனர் என்பவற்றை அறிதல், மொழி பயில்வார்க்குப் பெரும்பயன் தருவதாகும்.

ஆப்பிரிக்காவின் கீழைக் கடலில் உள்ள மடகாஸ்கர் தீவு தொடங்கி, மலாய் நாடு, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வழியாகப் பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஈஸ்டர் தீவு வரையிலும், தெற்கே நியூசிலாந்து வரையிலும் ஏறத்தாழ 1,200 மொழிகள் ஒரே குடும்பமாகப் பரவியுள்ளன. அக்குடும்பத்துக்கு ஆஸ்திரோனேசியம் என்பது பெயர். ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்னர்த் தைவான் தீவிலிருந்து மரக்கலம் ஏறிப் புறப்பட்ட மக்கள், தலைமுறை தலைமுறையாகத் தீவு விட்டுத் தீவு சென்று குடியேறினர் என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. ஆலந்து நாட்டறிஞர் ரேலந்து என்பார் 1708-ஆம் ஆண்டிலேயே, மலாய் மொழியும் மடகாஸ்கர் மொழியும் பசிபிக் தீவு மொழிகளும் சொல்லால் ஒத்திருத்தலைக் கண்டு கூறினார். பின்னர், மருத்துவராய்ப் பணியாற்றி மொழியாராய்ச்சியில் புகுந்த டெம்ப்வொல்ஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர், 1934 முதல் 1938 வரை வெளியிட்ட மூன்று தொகுதிகளில் இக்குடும்பத்துச் சொற்களை முறைப்பட ஒப்பிட்டு நிறுவினார்.

அவ்வாறு ஒப்பிடப்பட்ட சொற்களுள் இறப்பைக் குறிப்பதும் ஒன்று. மலாய் மொழியில் அது 'மாத்தி' எனப்படும். மடகாஸ்கர் மக்களும் ஏறத்தாழ அவ்வாறே ஒலிப்பர். குவாம் தீவின் சமோரோ மொழியில் 'மாத்தாய்' என்பர். பிஜித் தீவிலும் நியூசிலாந்திலும் 'மாத்தே' என்பர். ஹவாய்த் தீவினர் தகரத்தைக் ககரமாக ஒலிப்பவர் ஆதலின் 'மாக்கே' என்பர். மடகாஸ்கருக்கும் ஹவாய்க்கும் இடையே இரண்டு பெருங்கடல்கள் கிடக்கின்றன. அவ்விரு நாட்டினரும் ஒருவரையொருவர் கண்டிலர். ஒருவர் பெயரை மற்றவர் கேட்டிலர். ஆயினும், தாய் இறந்த வீட்டில் அவ்விருவர் வாயினின்றும் எழுந்தது ஒரே சொல்லின் இரு வடிவமேயாகும்.

இக்குடும்பத்தைச் சேர்ந்த சிறு மொழிகளுள் ஒன்று பலாவு மொழி. பலாவு என்பது பிலிப்பைன்ஸ் நாட்டுக்குக் கிழக்கே, 300-க்கு மேற்பட்ட சிறு தீவுகளால் ஆகிய நாடு. மக்கள்தொகை 20,000-க்கும் குறைவே. ஸ்பானியரும், ஜெர்மானியரும், ஜப்பானியரும், அமெரிக்கரும் அதனை ஒருவர் பின் ஒருவராக ஆண்டனர். 1944-ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப்போரின் கொடும்போர்களுள் ஒன்று அதன் பெலேலியுத் தீவில் நிகழ்ந்தது. 1994-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் பலாவு விடுதலை பெற்றது. இத்துணை ஆட்சிகளுக்கும் ஈடுகொடுத்து அதன் மொழி இன்றும் வழங்கி வருகின்றது.

பலாவு மொழியில் இறத்தலைக் குறிக்கும் வினைச்சொல் 'மாத்' என்பது. இறப்பு என்னும் பெயர்ச்சொல் 'கொதால்'. ஈமக்கடனைக் 'கெமெல்தீல்' என்பர். அந்நாட்டில் குடிவழி தாயைச் சார்ந்தது. ஒருவர் இறந்தால் தாய்வழிச் சுற்றமும் தந்தைவழிச் சுற்றமும் கூடும். ஈமக்கடன் முடிந்தபின், இறந்தவரின் உடைமையும், அவர்தம் மனைவி மக்களுக்குச் செய்யவேண்டுவனவும் பெரியோர் அவையில் பேசி முடிக்கப்பெறும். பண்டு இறந்தாரை வீட்டின் முன்னுள்ள கல் மேடையிலேயே அடக்கம் செய்தனர். வீட்டுக்கு வருவோரும் போவோரும் முன்னோரைக் கடந்தே செல்வர். உயிர் நீத்தாரின் ஆவி தெற்கு நோக்கிச் சென்று, தென்கோடியிலுள்ள அங்காவூர்த் தீவினை அடையும் என்பது அவர்தம் பழைய நம்பிக்கை.

இங்கு மொழி பயில்வார் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பலாவு மொழியில் கண் என்னும் உறுப்புக்கும் 'மாத்' என்பதே பெயர். இதனைக் கண்டவர், 'கண் மூடுதலே இறப்பு ஆதலின், அம்மக்கள் இரண்டையும் ஒரே சொல்லாற் குறித்தனர் போலும்' என்று எண்ணக்கூடும். அவ்வெண்ணம் இனிதேயாயினும் உண்மையன்று. மலாய் மொழியில் கண் 'மாத்தா', இறப்பு 'மாத்தி'. மாவோரி மொழியில் கண் 'மாத்தா', இறப்பு 'மாத்தே'. ஆகவே, பழங்காலத்தில் அவை ஈறு வேறுபட்ட இரு சொற்களாகவே இருந்தன. பலாவு மொழியில் காலப்போக்கில் ஈற்றொலிகள் தேய்ந்து மறைந்தமையின், வேறுபாடு அழிந்து இரண்டும் ஒன்றாயின. ஒலி ஒத்தது கொண்டு உறவு காட்டலாகாது. உறவு மொழிகள் பலவற்றை ஒருங்கு வைத்து நோக்கியே முடிவு கூறல் வேண்டும். மாவோரி மொழியில் 'போ' என்பது இரவைக் குறிக்கும். நமக்கு அஃது ஓர் ஏவல் வினை. இவ்விரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

நேர்ச்சொல் ஒன்றே எல்லார்க்கும் எல்லா இடத்தும் பொருந்துவதில்லை. சமோவாத் தீவில் விலங்கும் மரமும் பட்டால் 'மாத்தே' என்பர்; மக்கள் இறந்தால் 'ஓத்தி' என்பர். மதிப்புக்குரியவர் இறப்பின், சென்றார் என்னும் பொருள்பட 'மாலியு' என்பர். பெருந்தலைவர் இறந்தாலோ, ஆட்சியை விட்டகன்றார் என்னும் பொருள் தரும் தொடரை ஆளுவர். தொங்காத் தீவில் பொதுமக்களுக்கு ஒரு சொல், தலைவர்க்கு ஒரு சொல் என இறப்பிலும் வரிசை அறிந்து உரைப்பர்.

மலாய் மொழியும் அத்தகையதே. விலங்கின் சாவுக்கு 'மாத்தி' என்பர். மக்களுக்கு அதனை ஆளுதல் கடுஞ்சொல்லாகும். 'மெனிங்கால்' என்பது பண்புடையோர் வழக்கு. விட்டுச் சென்றார் என்பது அதன் பொருள். அரசர் இறப்பின் 'மங்காத்' என்பர். போர்க்களத்தில் வீழ்ந்த வீரனைக் குறிக்கப் பூவும் காயும் உதிர்வதைக் குறிக்கும் 'குகுர்' என்னும் சொல்லை வழங்குவர். மடகாஸ்கர் நாட்டிலோ, அரசர் இறந்தார் என்னாது, 'அரசர் முதுகைத் திருப்பிக்கொண்டார்' என்றனர். நம்மை நோக்கியிருந்த முகம் இப்போது வேறு திசையை நோக்குகின்றது, அவ்வளவே. குடிமக்களின் துயரமும் அரசரின் பெருமையும் அச்சிறு தொடரில் ஒருங்கே அடங்கியுள்ளன.

இம்மக்கள் அனைவரினும், இறப்பைப் பற்றிய சொல்வளத்தைப் பேணி வளர்த்தவருள் முன் நிற்பவர் நியூசிலாந்தின் மாவோரி மக்கள் எனலாம். ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டில், கிழக்குப் பொலினீசியத் தீவுகளிலிருந்து பெருந்தோணிகளில் வந்து அந்நாட்டில் குடியேறியவர் இவர். இவர்கள் மொழியில் 'மாத்தே' என்னும் சொல்லின் பொருட்பரப்பு விரிந்தது. இறப்பு மட்டுமன்றி, நோயும் தோல்வியும் குறைவும் அச்சொல்லாற் குறிக்கப்படும். நீர் வேட்கையை 'மாத்தேவாய்' என்பர்; 'வாய்' என்பது அவர் மொழியில் நீர். ஆகவே, நீரின்மையால் நேரும் சிறு சாவே தாகம் என்பது அச்சொல்லின் கருத்தாகும். அதற்கு எதிர்ச்சொல் 'ஓரா'. உயிர், நலம், மீட்சி ஆகிய மூன்றையும் அது குறிக்கும்.

மாவோரி மக்களின் ஈமச்சடங்குக்குத் 'தாங்ஙிஹாங்ஙா' என்று பெயர். 'தாங்ஙி' என்பது அழுதல். ஊர்ப் பொதுமன்றமாகிய 'மராயே' என்னும் இடத்தில் இறந்தவர் உடல் வைக்கப்பெறும். பெரும்பாலும் மூன்று நாள் அஃது அங்கே இருக்கும். அந்நாள்களில் உடலைத் தனியே விட்டு நீங்குதல் வழக்கமில்லை; உறவினர் இரவும் பகலும் அருகிலேயே அமர்ந்திருப்பர். அயலூரார் கூட்டங் கூட்டமாக வருவர். அழுகையை அடக்குதல் அங்கே ஆண்மையாகக் கருதப்படுவதில்லை. கண்ணீரும் மூக்குநீரும் சிந்தினாலன்றி இறப்பின் கடன் தீராது என்பது அவர்தம் முதுமொழி. பழிக்குப் பழி வாங்கிய பழங்காலத்தில், கடன் தீர்த்தற்கு வேறு வழிகளும் இருந்தன. ஆயினும், இயற்கையாகிய சாவுக்கு எவரைப் பழிவாங்குவது? அழுது தீர்த்தலே அதற்குரிய ஈடு என்று அவர்கள் தெளிந்தனர்.

அவ்விடத்து நிகழும் பேச்சு நம் கருத்தைக் கவர்வது. எழுந்து பேசுவோர் இறந்தவரைப் பற்றிப் படர்க்கையில் பேசுவதில்லை. இறந்தவரையே முன்னிலைப்படுத்திப் பேசுவர். அவர் செய்த நன்மையை அவரிடமே சொல்லுவர். குறையிருப்பின் அதனையும் அவரிடமே சொல்லுவர். ஈற்றில், 'செல்க, செல்க, செல்க' என்று விடை கொடுப்பர். இவ்வாறு விடை கொடுத்தலைப் 'பொரொபொரொஆக்கி' என்பர். 'துயில்க' என்றலும் உண்டு. துஞ்சினார் என்னும் நம் வழக்கோடு இது கருத்தால் ஒத்திருத்தல் காண்க.

'செல்க' என்றால் எங்கே செல்வது? 'இரவிடம் செல்க' என்பர். இரவு என்பது இங்கு அச்சத்துக்குரிய இருளன்று. ஓர் அன்னையின் பெயர். விடியற்பெண்ணாகிய ஹினேதீத்தாமா என்பவள், பின்னர் இரவுலகம் புகுந்து, ஹினேநூயிதேபோ, அஃதாவது இரவின் பேரன்னை, ஆயினாள். இறந்துவரும் தன் மக்களை ஏற்று அணைத்துக்கொள்வதற்காகவே அவள் அங்கே இருக்கின்றாள் என்பது தொன்மக்கதை. மாவுயி என்னும் வீரன் ஒருவன், மனிதர்க்குச் சாவில்லாமற் செய்யவேண்டி, அவள் உறங்கும்போது அவள் உடலுட் புகுந்து அவளை வெல்ல முயன்றான். உடன் சென்ற பறவைகளை ஓசையின்றி இருக்கும்படி பணித்திருந்தான். அவன் கோலத்தைக் கண்ட விசிறிவால் குருவி சிரிப்பை அடக்கமாட்டாது நகைத்துவிட்டது. அன்னை விழித்தாள், மாவுயி மடிந்தான். மனிதர்க்குச் சாவு நிலைபெற்றது அதனால் என்பர். ஆயினும், சாவைத் தந்தவளே தாயாகவும் நிற்கின்றாள் என்பதில் ஆறுதல் ஒன்று உளது.

அவ்வன்னையிடம் செல்லும் வழியும் நில அமைப்போடு பொருந்தக் கூறப்பட்டுள்ளது. நியூசிலாந்தின் வடக்குத் தீவின் வடகோடியில், கடலுள் நீண்டு நிற்கும் முனை ஒன்றுண்டு. 'ஆவிகள் பாயும் இடம்' என்பது அதன் மாவோரிப் பெயரின் பொருள். பாறையைப் பற்றி நிற்கும் பழைய பொகுத்துக்காவா மரம் ஒன்று அங்கே உளது. இறந்தோர் ஆவி நாடு முழுதும் கடந்து வந்து, அம்மரத்தின் வேர் வழியே கடலுள் இறங்கும். பின்னர், வடமேற்கே உள்ள மூவரசர் தீவுகளின் உயர்ந்த முடியில் ஒருமுறை எழுந்து, தான் பிறந்த நாட்டைத் திரும்பிப் பார்க்கும். அதன்பின் ஹவாய்க்கி என்னும் ஆதித் தாயகத்தை நோக்கிச் செல்லும். பலாவு நாட்டு ஆவி தெற்கே செல்கின்றது. மாவோரி நாட்டு ஆவி வடக்கே செல்கின்றது. திசை வேறாயினும், நிலத்தின் கடைசி முனையிலிருந்தே கடற்பயணம் தொடங்கும் என்னும் எண்ணம் இருவர்க்கும் பொது. தோணியில் வந்த மக்கள் இறப்பையும் ஒரு பயணமாகவே கண்டனர்.

மங்கல வழக்குகள் பிறவும் உள்ளன. பெருமை மிக்கார் ஒருவர் இறந்தால், 'தானேயின் பெருங்காட்டில் தோத்தாரா மரம் சாய்ந்தது' என்பர். தானே என்பவன் காட்டுக்கு உரிய கடவுள். தோத்தாரா என்பது பல நூறு ஆண்டு வாழும் பெருமரம். போர்த்தோணிகள் குடைதற்கு உரியது. அது சாய்ந்தால் அதன் நிழலில் வாழ்ந்த உயிர்கள் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். இறந்தவரைக் குறித்து, 'விண்மீன் ஆயினார்' என்றலும் உண்டு. மாத்தாரிக்கி எனப்படும் கார்த்திகை மீன் கூட்டம், சில காலம் மறைந்திருந்து, நடுக்குளிர்காலத்து விடியலில் மீண்டும் எழும்போது, அவ்வாண்டில் இறந்தோர் பெயர்களைச் சொல்லி நினைவுகூர்வர். 2022-ஆம் ஆண்டு முதல் அந்நாள் நியூசிலாந்து நாடு முழுமைக்கும் விடுமுறை நாளாயிற்று.

இறப்பைப் பற்றிய அவர்தம் முதுமொழிகள் அழுகையோடு நின்றுவிடுவதில்லை. 'கணவாய் போல் சாகாதே. சுறாப்போல் சாவாயாக' என்பது ஒன்று. எண்காற் கணவாய் பிடிபட்டவுடன் தளர்ந்து அடங்கிவிடும்; சுறாவோ இறுதி மூச்சு வரையில் போராடும். 'மனிதர் கண்ணினின்றும் மறைவர். நிலம் நிலைத்து நிற்கும்' என்பது மற்றொன்று. மாவோரி மொழியில் நிலத்துக்கும், கருவிலிருக்கும் குழந்தையை ஊட்டி வளர்க்கும் நஞ்சுக்கொடிக்கும் 'வெனூவா' என்பதே பெயர். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியைத் தம் ஊர் நிலத்தில் புதைப்பர். அக்குழந்தை வளர்ந்து முதிர்ந்து இறந்தால், அந்நிலத்திலேயே அடக்குவர். வாழ்வின் இரு கரையிலும் நிலமே தாயாகி நிற்கின்றது. இனி, 'பெரணியின் ஒரு குருத்து மடிந்தால், மற்றொரு குருத்து எழும்' என்பது யாவரும் அறிந்த முதுமொழி. ஒரு தலைவர் இறந்தவிடத்து, அவர்தம் இடத்தில் வருவாரை நோக்கி இதனை உரைப்பர்.

இம்முதுமொழியின் உண்மை அம்மக்களின் வரலாற்றிலேயே சோதிக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் குடியேற்றத்தின் பின்னர்ப் போராலும், புதிய நோய்களாலும், நில இழப்பாலும் மாவோரி மக்கள் தொகை குன்றியது. 1896-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 42,000 பேரே எஞ்சினர். இவ்வினம் விரைவில் அழிந்தொழியும் என்றே பலரும் கருதினர். இனம் அழியவில்லை, ஆயினும் மொழிக்கு வேறொரு கேடு சூழ்ந்தது. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்று மொழியாயிற்று. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காகச் சிறுவர்கள் அடியுண்டனர். அடியுண்ட சிறுவர் வளர்ந்து பெற்றோராயினர். தம் மக்களுக்கும் அத்துன்பம் வேண்டா என்று கருதி, வீட்டிலும் ஆங்கிலமே பேசினர். 1970-களில் மாவோரி மொழியைச் சரளமாகப் பேச வல்லார் பெரும்பாலும் முதியவராகவே இருந்தனர்.

இதன் கேடு எத்தகையது என்பதை மராயே மன்றத்தில் நின்று பார்த்தால் அறியலாம். இறந்தவரை வழியனுப்பும் சொற்கள் அம்மொழியிலேயே உள்ளன. அச்சொற்களை அறிந்த முதியவர் ஒருவர் இறக்கின்றார். அவரை அடுத்திருந்த முதியவர் எழுந்து விடை கொடுக்கின்றார். பின்னர் அவரும் இறக்கின்றார். இவ்வாறே சென்றால், கடைசி முதியவருக்கு 'செல்க' என்று சொல்ல யார் இருப்பர்? மற்ற இறப்புகளுக்கெல்லாம் ஆறுதல் மொழியில் உண்டு. மொழியே இறந்தால் அதற்கு ஆறுதல் கூறும் மொழி எது? இவ்வினா அம்மக்களை உறங்கவிடவில்லை.

1972-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14-ஆம் நாள், 30,000-க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட முறையீடு ஒன்று நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் அளிக்கப்பெற்றது. பள்ளிகளில் மாவோரி மொழியைக் கற்பிக்கவேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். 1982-ஆம் ஆண்டில் 'மொழிக்கூடு' என்னும் பொருள்படும் பெயருடன் குழந்தைப் பள்ளிகள் தோன்றின. பாட்டியரும் பாட்டனாரும் பள்ளிப்பருவம் எய்தாத குழந்தைகளோடு அமர்ந்து, நாள் முழுதும் மாவோரி மொழியிலேயே பேசினர். கூட்டில் தாய்ப்பறவை குஞ்சுக்கு இரை ஊட்டுமாப்போலே, முதியோர் சொல் ஊட்டினர். இடையிலிருந்த ஒரு தலைமுறை இழந்ததனை, மூத்த தலைமுறை இளைய தலைமுறைக்கு நேரே கொடுத்தது. 1987-ஆம் ஆண்டில் மாவோரி மொழி நாட்டின் ஆட்சிமொழியாகச் சட்டத்தால் ஏற்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், தம்மை மாவோரியர் எனக் குறித்தோர் 8 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டனர். அம்மொழி பேச வல்லேம் என்றோர் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டனர். இடர் முழுதும் நீங்கிற்று எனல் ஆகாது. எனினும், சாய்ந்த மரத்தின் அருகே குருத்து எழுந்துவிட்டது.

இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றைக் கூறி அமைவாம். மாவோரி மக்கள் 1858-ஆம் ஆண்டு முதல் தமக்கென ஓர் அரசரைத் தேர்ந்து போற்றி வருகின்றனர். அவ்வழியில் வந்த தூஹேயித்தியா என்னும் அரசர் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள் உயிர் நீத்தார். ஏறக்குறைய ஒரு வாரம் ஈமக்கடன் நிகழ்ந்தது. நாட்டின் நாற்புறமிருந்தும் பல்லாயிரவர் வந்து அழுதனர்; பேசினர்; விடை கொடுத்தனர். செப்டம்பர் 5-ஆம் நாள், அவர்தம் உடல் வைக்கற்றோ ஆற்றில் போர்த்தோணி மேல் செல்ல, தவுப்பிரி மலையில் முன்னோர் அருகே அடக்கம் செய்யப்பெற்றது. அடக்கம் செய்யும் முன்னர், அந்நாளிலேயே, அவர்தம் மகளார் புதிய அரசியாக அறிவிக்கப்பெற்று, தந்தையின் பேழை அருகே அரியணையில் அமர்ந்தார். அவருக்கு அப்போது அகவை 27. அவர் பெயர் ங்ஙாவாயிஹோனோயிதேபோ என்பது. 'இரவில் ஒன்று கூடும் நீர்கள்' என்பது அதன் பொருள்.

அவ்விடத்து எழுந்து பேசியவருள் முதியோரும் இருந்தனர், இளையோரும் இருந்தனர். இளையோருட் பலர், தம் பெற்றோர் பேச இயலாத மொழியைப் பாட்டியரிடமும் பள்ளியிலும் கற்றவர். அரசரை நோக்கிச் 'செல்க' என்று சொல்ல அவர்களுக்குச் சொல் இருந்தது.

மாவோரியர் தம் உரையில் இறந்தோரை வழியனுப்பிய பின்னர், 'இறந்தோர் இறந்தோரோடு ஆகுக. வாழ்வோர் வாழ்வோரோடு ஆகுக' என்று கூறி, கூடியிருப்போரை நோக்கித் திரும்புவர். துயரத்துக்கு உரிய இடம் கொடுத்து, அதன்பின் வாழ்வுக்குத் திரும்பும் முறை அது. மங்கல வழக்கென்பது உண்மையை மறைக்கும் திரையன்று. உண்மையைத் தாங்குதற்கு மனிதர் கண்ட ஊன்றுகோல். அக்கோலை நமக்குச் செய்து தந்தோர் நம் முன்னோர். துயருற்றார் வீட்டுக்குச் செல்லும்போது எச்சொல்லைச் சொல்வது என அறிந்து சொல்வாரும், தம் மொழியின் சொற்களை இளையோர்க்குக் கற்பித்துச் செல்வாரும், அக்கோல் ஒடியாதபடி காக்கின்றனர்.